பலகைத் தரை விற்கிறவள் படும் பாடு

கட்டிக்கொள்ளப்போகிற ஆளைத் தெரிவு செய்ய எடுக்கும் நேரத்தைவிட, மிதிக்கப்போகிற பலகையைத் தெரிவு செய்யத்தான் மனிதர்கள் அதிக நேரம் எடுக்கிறார்கள்; அந்த நேரம் முழுவதும் அவர்களுக்கு எதிரே சிரித்த முகத்தோடு நிற்பது என் தொழில்.

பதுளை டவுனில், பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து வரக்கூடிய தூரத்தில் எங்கள் கடை. கீழே டைல்ஸ், குழாய், பாத்ரூம் சாமான். மாடியில் பலகைத் தரை. மாடி என் பொறுப்பு. முதலாளி நஸீர் ஹாஜியார் கீழே கல்லாவில் இருப்பார். வாங்கியவர்களின் வீட்டுக்குப் போய்ப் பலகை பதிப்பது சுனில் பாஸ். தச்சு வேலை, மேசன் வேலை தெரிந்தவர்களை எங்கள் பக்கம் பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய தாய்மொழி சிங்களம். தமிழ், எங்களோடு பழகிப் பழகி வந்தது. இந்த மூன்று பேர்தான் நிரந்தரம். மற்றவர்கள் எல்லாரும் "வீட்ல கேட்டுட்டு வர்றோம்" என்று சொல்லிவிட்டு வருகிறவர்கள், அல்லது வராதவர்கள்.

புடவைக் கடை, நகைக் கடை, போன் கடை என்று எங்கேயாவது கவுண்டருக்குப் பின்னால் நின்று கால் வீங்கியவர் யாராவது இதைப் படித்தால், நீங்கள் என் ஆள். உங்களிடம் சொல்லாமல் நான் யாரிடம் சொல்வது.

என்ஜினியர் எப்ப வருவாரு?

நாங்கள் விற்பது என்ஜினியர்ட் வூட். மேலே மெல்லிசாக அசல் மரம். அதற்குக் கீழே குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய பலகை அடுக்குகள். முழு மரத்தை அப்படியே தரையில் போட்டால் எங்கள் ஊர் மழைக்கும் பனிக்கும் அது நெளியும், வளையும். இப்படி அடுக்கி ஒட்டினால் அவ்வளவு நெளியாது. இதை ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்கிறேன் என்று நானே எண்ணுவதில்லை, எண்ணினால் வேலையை விட்டுவிடுவேன்.

பசறையிலிருந்து ஓய்வு பெற்ற தபால் அதிபர் ஒருவர் வந்தார். நான் சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டார். இப்படிக் கேட்கிற கஸ்டமர் கிடைப்பது அபூர்வம் என்பதால் நானும் உற்சாகமாக இன்னும் கொஞ்சம் சொன்னேன். முடித்ததும், "சரிம்மா, எப்ப வருவாரு?" என்றார். "யாருங்க ஐயா?" "என்ஜினியர்." அப்படி யாரும் வரமாட்டார், அது பலகையின் பெயர் என்று சொன்னேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. சாம்பிளைக் குறுக்கே வெட்டிய துண்டு ஒன்றை எடுத்துக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அடுக்குகளை நகத்தால் நிமிண்டிப் பார்த்தார். "இத ஒட்டுனது என்ஜினியரா?" "ஃபேக்டரியில மெஷின் ஒட்டுதுங்க." ஒட்டுவதன் அருமையை நான் மேலும் விளக்கப் போனபோது கையைக் காட்டி நிறுத்தினார். வாழ்நாள் பூராவும் முத்திரை ஒட்டியவருக்கு ஒட்டுவதைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லையாம். சாம்பிளைப் பத்திரமாக மேசைமேல் வைத்துவிட்டு எழுந்தார்.

"என்ஜினியர் வரமாட்டாருன்னா அவரு பேரச் சொல்லி வெல சொல்லக் கூடாதும்மா. ஒட்டுப் பலகைன்னு சொல்லுங்க, ஒட்டுப் பலகைக்கு உண்டான வெலயச் சொல்லுங்க."

வெள்ளிக்கிழமைக் கழுவல்

எங்கள் டவுனில் வெகுகாலமாகக் கணக்குப் படிப்பிக்கும் டீச்சர் ஒருவர், யாழ்ப்பாணத்துக்காரர். பலகையைத் தடவிப் பார்த்தார், பிடித்துவிட்டது. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "தண்ணி பட்டால்?" சிந்தினால் உடனே துடைத்துவிட வேண்டும், நன்றாகப் பிழிந்த துணியால் துடைத்தால் போதும் என்றேன். "கழுவேலாதோ?" கழுவக்கூடாது என்றேன். வகுப்பின் பின்வரிசையில் உட்கார்ந்து தப்பான விடை சொன்ன பிள்ளையைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். ஒரு சாம்பிளை வாங்கிக்கொண்டு போனார்.

அடுத்த வாரம் பொலித்தீன் பையோடு வந்தார். பைக்குள் தண்ணீர், தண்ணீருக்குள் என் சாம்பிள். வாங்கிப்போன நாளிலிருந்து அதை வாளித் தண்ணீரில் போட்டு வைத்திருந்திருக்கிறார். மழையில் நனைந்த பள்ளிக்கூடக் கொப்பி மாதிரி ஓரமெல்லாம் ஊதி, அடுக்கு அடுக்காக வாய் பிளந்து கிடந்தது. மாடியில் மூன்று பேர் வேறு சாம்பிள் பார்த்துக்கொண்டிருக்கும்போது அதை என் மேசைமேல் வைத்து, "பெயில்" என்றார். "டீச்சர், வீட்டுத் தரைய வாளிக்குள்ளயா வைக்கப்போறீங்க?" என்று கேட்டுவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. கணக்கை இன்னொரு முறை விளக்குகிற பொறுமையோடு சொன்னார். சொல்லிவிட்டுக் கீழே போய் வெள்ளை டைல்ஸ் வாங்கினார். ஹாஜியார் அவருக்குப் பால் போடாத பிளேன்ரீ வரவழைத்துக் கொடுத்தார் என்பதையும் நான் மறக்கவில்லை.

"தரையை வாளிக்குள்ள வைக்கேல்லத்தான் பிள்ளை. ஆனா என்ர வாளி ஒவ்வொரு வெள்ளியும் தரையிலதான் கவிழும். ரெண்டும் ஒண்டுதானே?"

அப்புத்தளை வெளிச்சம்

கலியாணமாகி அதிக காலம் ஆகாத ஒரு ஜோடி. அப்புத்தளையில் மலை விளிம்பில் புது வீடு. அவருக்குத் தேன் நிறம் வேண்டும், அவளுக்குக் கடுங்கோப்பி நிறம். கடை லைட்டுக்குக் கீழே நின்று இரண்டுக்கும் நடுவில் ஒன்றுக்குச் சம்மதித்தார்கள். அப்போதே பில் போட்டிருக்க வேண்டும். நானோ தொழில் தர்மம் என்று நினைத்து, கடை வெளிச்சத்தை நம்பாதீங்க, சாம்பிளை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தரையில் படுக்க வைத்துக் காலை, மத்தியானம், அந்தி என்று பாருங்க என்று புத்தி சொன்னேன்.

பார்த்தார்கள். பார்த்ததையெல்லாம் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினார்கள். பனி மூடினால் பலகை சாம்பல் நிறம். வெயில் வந்தால் சிவப்பு. அந்தியில் ஊதா என்று அவள், இல்லை அது கறுப்பு என்று அவர். அப்புத்தளையில் ஒரு நாளைக்குள் எத்தனை தடவை பனி வந்து போகும் என்பது அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு தடவையும் ஒரு போட்டோ. வீட்டில் மீன் பொரிக்கிறபோது போன் அடித்தால் என் கணவர் எட்டிப் பார்த்து, "பனி வந்துருச்சு போல" என்று சொல்கிற அளவுக்கு ஆகிவிட்டது. கடைசியில் முதல்நாள் கடையில் எடுத்த அதே நடு நிறத்துக்கே வந்து சேர்ந்தார்கள். சுனில் பாஸ் ரொம்ப அழகாகப் பதித்துக் கொடுத்தார்.

சில மாதம் கழித்து ஒரு சொந்தக்காரர் வீட்டுக்கு அப்புத்தளை போனவள், ஆசையோடு அந்த வீட்டையும் எட்டிப் பார்த்தேன். வாசலிலிருந்து சுவர்வரைக்கும், இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரைக்கும், ரோசாப்பூப் போட்ட பிளாஸ்டிக் விரிப்பு. பலகை ஒரு விரல் அகலம்கூட வெளியே தெரியவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் சமாதானம் சொன்னாள்.

"கலர் போயிருமேன்னுதான் அக்கா மூடி வச்சிருக்கோம். விசேஷம்னா எடுத்துருவோம்."

மாடு உள்ளே போகவில்லை

பலகையின் மேல்பூச்சில் பளபளப்பு உண்டு, பளபளப்பில்லாத மெட் உண்டு. மெட் பூச்சில் கீறல் தெரியாது, கால் வழுக்காது. இதை நான் சொல்லாத கஸ்டமர் இல்லை. ஹாலிஎலயில் மரக்கறி லொறி வைத்திருக்கும் பெரியவரிடமும் சொன்னேன். "காசு குடுத்துப் போடுறோம், போட்டது தெரிய வேணாமா?" என்று கேட்டார். ஹாஜியாரும் கீழேயிருந்து ஏறி வந்து, "தங்கச்சி, அவரு கேக்கிறதக் குடுங்க" என்று சொல்லிவிட்டார். இருப்பதிலேயே அதிகப் பளபளப்பு எதுவோ அதுதான் போனது.

வீடு குடிபுகும்போது எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். ஐயர், மேளம், சொந்தபந்தம் எல்லாம் தயார். வழக்கப்படி மாடு முதலில் உள்ளே போக வேண்டும். பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒருவர் மாட்டுக்கு மாலை போட்டு, பொட்டு வைத்துக் கொண்டுவந்திருந்தார். மாடு முன்னங்காலைப் பலகையில் வைத்தது, குனிந்து பார்த்தது, நின்றுவிட்டது. இழுத்தார்கள். ஒரு கால் இந்தப் பக்கமும் ஒரு கால் அந்தப் பக்கமுமாகச் சறுக்கியது. குளம்பு இழுத்த கோடு அந்தப் பளபளப்பில் நீளமாக, வெள்ளையாக, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி விழுந்தது. வீட்டுக்காரரின் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. நல்ல நேரம் முடியப்போகிறது என்று ஐயர் அவசரப்படுத்தினார். சுனில் பாஸ் ஓடிப்போய் வேனிலிருந்து சாக்குகளைக் கொண்டுவந்து வாசலிலிருந்து நடு ஹோல்வரைக்கும் விரித்தார். சாக்கில் ஏறிய மாடு, சாக்கின் ஓரத்தில் தலையைத் தொங்கப் போட்டபடி மறுபடியும் நின்றது. கடைசியில் ஐயர் வாசற்படியிலேயே மாட்டுக்குப் பூசையை முடித்து, "சாமிக்கு இது போதும்" என்று எல்லாரையும் உள்ளே அனுப்பினார். வீட்டுக்காரர் ஆத்திரத்தை மாட்டுக்காரரிடம் காட்டினார். பழக்கமில்லாத மாட்டை ஏன் கொண்டுவந்தாய் என்று சத்தம் போட்டார். மாட்டுக்காரர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே நிதானமாகப் பதில் சொன்னார்.

"இது பழகுன மாடுதாங்க. வழுக்குறதுக்காக நிக்கல. கீழ இன்னொரு மாடு நிக்குது பாருங்க, அது நகந்தாத்தான் இது போகும்."

சத்தம்

பண்டாரவளையில் ஒரு லோயர் வீடு. ஹோலிலிருந்து சமையலறைக்குப் போகும் வழியில் ஓரிடத்தில் காலை வைத்தால் "கிரீச்" என்கிறதாம். ராத்திரி அவர் ஐஸ்பெட்டியைத் திறக்கப் போவது மனைவிக்குத் தெரிந்துவிடுகிறது. அவருக்கு இனிப்பு நீர் வியாதி, இனிப்பைத் தொடக் கூடாது. தரையைச் சரிசெய்து தராவிட்டால் வழக்குப் போடுவேன் என்று சிரிக்காமல் சொன்னார். சுனில் பாஸ் போனார், கழற்றினார், கீழே மட்டம் பார்த்தார், திரும்பப் போட்டார். இரண்டு நாள் வேலை. இதைப் பற்றி நான் போனில் பாஸோடு பேசிக்கொண்டிருந்ததை, மாடியில் சாம்பிள் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் காது கொடுத்துக் கேட்டிருக்கிறார். எல்ல பக்கம் வெள்ளைக்காரர்களுக்கு அறை வாடகைக்கு விடுகிறவர். பழைய தேயிலைத் தோட்டத்துப் பங்களா மாதிரி இருக்க வேண்டும், கணு தெரிகிற பலகை வேண்டும், புதுசு என்று தெரியவே கூடாது என்று காலையிலிருந்து என் உயிரை எடுத்துக்கொண்டிருந்தார். நான் போனை வைத்ததும் அவர் முகத்தில் அப்படி ஒரு தெளிவு.

"அந்த லோயர் வீட்ல மொதல்ல எப்படிப் போட்டாரோ, அதே மாதிரி எனக்குப் போடச் சொல்லுங்க மிஸ். டூரிஸ்ட்மாருக்கு அந்தச் சத்தம் ரொம்பப் புடிக்கும்."

சுவரோரத்து இடைவெளி

மழைக்காலத்தில் பலகை கொஞ்சம் விரியும், வெயில் காலத்தில் கொஞ்சம் சுருங்கும். அதற்காகச் சுவரோரத்தில் நாலு பக்கமும் சிறு இடைவெளி விட்டுத்தான் பதிப்பார்கள். பிறகு அந்த இடைவெளி தெரியாமல் சுவரடியில் ஒரு சட்டம் அடிப்பார்கள். தெமோதரையில் செல்வராஜ் என்ற மெக்கானிக் வீட்டில் வேலை முடிகிறபோது சட்டம் கடையில் இல்லை. வந்ததும் அனுப்பிவிடுங்கள், அதை நானே அடித்துக்கொள்வேன் என்றார் அவர். கைவேலை தெரிந்தவர்தானே என்று விட்டுவிட்டோம். கைவேலை தெரிந்தவர்களிடம் நீங்கள் எதையும் விட்டுவிட்டு வரக்கூடாது.

ஐப்பசி மழை பிடித்துப் பல நாளாக விடவில்லை. ஒரு நாள் காலையில் செல்வராஜின் மனைவி போன் பண்ணினார். ஹோலின் நடுவில் பலகை கூரை மாதிரித் தூக்கிக்கொண்டு நிற்கிறது. மகளைப் பிரசவத்துக்குக் கூட்டிவர நாள் குறித்திருக்கிறார்கள். பிள்ளைத்தாச்சி தடுக்கி விழுந்தால் யார் பொறுப்பு என்று கேட்டார். போனை வைத்துவிட்டுக் கீழே ஓடினேன். ஹாஜியார் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ரெண்டு பேரும் போய்ப் பாருங்க. நம்ம பிழையா இருந்தா முழுசாக் கழட்டிப் போட்டுக் குடுங்க, அந்தப் புள்ள விழக்கூடாது" என்றார். சுனில் பாஸ் வேனை வழியெல்லாம் வேகமாக ஓட்டினார். சாதாரணமாக வளைவுக்கு வளைவு நிதானம் பார்க்கிற மனிதர். ஒரு தரை கெட்டால் பதுளை முழுக்கத் தெரிந்துவிடும், அடுத்த தரைக்கு அவரை யார் கூப்பிடுவார்கள். எனக்கும் அதே பயம்தான். அந்தத் தரையை விற்றது நான்.

பாஸ் சுவரடிச் சட்டத்தில் ஒன்றை மெதுவாகக் கழற்றினார். உள்ளே இடைவெளியைக் காணோம். முழுக்க சீமெந்து. இன்னொரு பக்கம் கழற்றினார், அங்கேயும் சீமெந்து. நாலு பக்கமும் வழவழவென்று, ஒரு குறை சொல்ல முடியாத பூச்சு. விரிய இடமில்லாத பலகை எங்கே போகும், மேலேதான் வரும். பாஸ் குந்தியபடியே நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் செல்வராஜின் மனைவியைப் பார்த்தேன். அவர் தன் புருஷனைப் பார்த்தார். "அரைகுறையா விட்டுட்டுப் போயிட்டாங்களேன்னு பரிதாபப்பட்டுப் பூசுனேன்" என்றார் செல்வராஜ். "நல்லா லெவலாத்தான் பூசியிருக்கேன், பாருங்க." அவர் மனைவி உள்ளே போய், சுத்தியலைக் கொண்டுவந்து புருஷன் கையில் கொடுத்தார்.

பொழுது சாயும்வரை இரண்டு ஆண்களும் எதிரெதிர்ச் சுவரில் உட்கார்ந்து சீமெந்தைக் கொத்தினார்கள். அடுத்த சில நாளில் பலகை தானாக இறங்கிவிட்டது. மகள் வந்தாள், பிரசவமும் சுகமாக நடந்தது, கற்கண்டோடு கடைக்கு வந்து சொன்னார்கள். ஆனால் அன்றைக்குத் திரும்பும்போது, கைகளில் கொப்புளத்தோடு வேனை ஓட்டிக்கொண்டு வந்த பாஸ் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"மிஸ், அந்த ஐயா பூசின சீமெந்து ரொம்ப நல்ல வேல. கெட்ட வேலயா இருந்தா நம்ம மத்தியானமே வீட்டுக்கு வந்திருக்கும்."

துடைக்கிறது யாரு

நான் பார்த்த கஸ்டமர்களிலேயே தொல்லை தராதவன் கிருபா என்ற பையன். பையன் என்றாலும் முப்பது தாண்டியவன். டுபாயில் வேலை, லீவில் வந்திருந்தான். தோட்டத் தொழிலாளர் லயத்தை விட்டு வெளியே வந்து ரோட்டோரத்தில் வீடு கட்டி முடித்திருந்தார்கள். மேலே வந்தான், கரும்பழுப்பு நிறத்தைக் காட்டினான், மெட் பூச்சு என்றான், முடிந்தது. நான் கொண்டுவரச் சொன்ன தேத்தண்ணி வரும் முன்னால் முடிந்தது. அவன் அம்மா ராசம்மா தோட்டத்துப் பெரிய தொரையின் பங்களாவில் வேலை செய்தவர். சின்ன வயதில் இவன் அம்மாவைத் தேடிப் போனால் பின்கதவு வரைக்கும்தான் விடுவார்களாம். அங்கே நின்று எட்டிப் பார்த்தால் உள்ளே நீளமாக ஒரு பலகைத் தரை தெரியுமாம். "அந்த மாதிரித் தரை எங்கம்மா வீட்லயும் இருக்கணுங்க" என்றான். எனக்கு அன்றைக்கு முழுக்க மனசு நிறைந்திருந்தது. விற்கிற தொழிலில் இப்படி ஒரு நாள் வந்தால் கொஞ்சம் பயப்பட வேண்டும் என்று இப்போது தெரிகிறது.

பலகைப் பெட்டிகளைப் பதிப்பதற்குச் சில நாள் முன்பே அந்த அறையில் வைத்துவிட வேண்டும். வீட்டுக் குளிருக்கும் ஈரத்துக்கும் பலகை பழக வேண்டும். நாங்கள் பெட்டிகளை இறக்கி அடுக்கிக்கொண்டிருந்தபோது ராசம்மா கோயிலிலிருந்து வந்தார். ஒரு பெட்டியைத் திறந்து பார்த்தார். மூடினார். அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

"இது எதுக்கு?" என்று கேட்டார்.

"ஒனக்குத்தாம்மா. பங்களாவுல இருந்துச்சே, அதே மாதிரி."

"பங்களாவுல இருந்துச்சு. நான் முட்டி போட்டு மெழுகு தேச்சேன். நான் எந்திரிக்கிறப்ப முட்டி சத்தம் போடுதே, அது எங்கேருந்து வந்துச்சுன்னு நெனைக்கிற? என் வீட்லயும் அதப் போட்டு என்னையத் தேய்க்கச் சொல்றியா?"

சுனில் பாஸ் தூக்கிய பெட்டியை இறக்குவதா, வேனுக்குத் திரும்பக் கொண்டுபோவதா என்று தெரியாமல் வாசலில் நின்றார். நான்தான் இடையில் புகுந்தேன். புகுந்திருக்க வேண்டாம். "அம்மா, இதுக்கு மெழுகெல்லாம் வேணாங்க. சும்மா ஈரத்துணியால தொடச்சாப் போதும்" என்றேன். ராசம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபம் இல்லை. "தொரசாணியும் அப்படித்தாம்மா சொல்லுவாங்க. சும்மா தொடச்சாப் போதும்னு." "எனக்குன்னு வாங்குறப்ப என்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?" என்று மகனிடம் கேட்டுவிட்டு எழுந்து சமையலறைக்குப் போனார். எழும்போது முட்டி சத்தம் போட்டது, எங்கள் மூன்று பேருக்கும் கேட்டது.

பெட்டிகளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். ஹாஜியாரிடமும் சொல்லிவைத்தேன், "கேட்டா மறுபேச்சில்லாம எடுத்துக்கொள்ளுங்க" என்று அவரும் சொன்னார். ஆனால் கிருபாவிடமிருந்து போன் வந்தது: "அம்மா போடச் சொல்லிட்டாங்க. வாங்க." என்ன பேசிக்கொண்டார்கள் என்று அவன் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை.

பாஸ் பதித்து முடிக்கும்வரை ராசம்மா அந்தப் பக்கம் வரவே இல்லை. முடிந்ததும் வந்து கதவு நிலையில் சாய்ந்து நின்றார். தரை முழுக்க மரத்தூள். கிருபா ஒரு துணியை நனைத்துப் பிழிந்தான், முட்டி போட்டான், துடைக்க ஆரம்பித்தான். அவனுக்குத் துடைக்கத் தெரியவில்லை. தூளை ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்தான், முழுக்கால்சட்டையெல்லாம் ஈரம். பாஸ் உதவிக்குப் போகப் பார்த்தார். ராசம்மா கையைக் காட்டி வேண்டாம் என்றார். பிறகு உள்ளே வந்தார். செருப்பைக் கழற்றவில்லை. கழற்றாமலே நடு ஹோல்வரை நடந்து, அங்கே கிடந்த பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்து, இரண்டு காலையும் நீட்டிக்கொண்டார். அந்தத் தரையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரைக்கும் கண்ணால் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். அப்புறம் மகனைப் பார்த்துச் சொன்னார்.

"அந்த மூலையில தூசி இருக்கு பாரு. நல்லாத் தொட."

சொந்த வீடு

போன வருஷம் எங்கள் வீட்டு அறை ஒன்றுக்குத் தரை போடும் வேளை வந்தது. வேலை செய்கிறவள் என்று ஹாஜியார் விலையில் சலுகை தந்தார். என் கணவர், "இதுல ஒனக்குத் தெரியாததா, ஒண்ண எடுத்துட்டு வா" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். நான் ஒன்றை எடுத்துவந்தேன். மறுநாள் இன்னொன்றை. காலையில் பார்த்தேன், அந்தியில் பார்த்தேன், பிள்ளையை வெளிச்சத்தை மறைத்து நிற்கச் சொல்லிப் பார்த்தேன். தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும் என்று தெரிந்திருந்தும் ஒரு துண்டில் ஊற்றிப் பார்த்தேன். சுனில் பாஸுக்குப் போன் போட்டு, இது நம்ம அறைக்கு ரொம்பக் கறுப்பாக இருக்குமா என்று கேட்டேன். பிறகு, ரொம்ப வெளிறிப் போய்விடுமா என்று கேட்டேன். பதித்தால் சத்தம் வராது என்று அவரை உறுதி சொல்லச் சொன்னேன். கடைசியில் அவர் வீட்டுக்கே வந்தார். சுவரோரமாக வரிசையாகக் கிடந்த சாம்பிள்களையும், அவற்றுக்கு நடுவில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்த என்னையும் வாசலில் நின்று பார்த்தார். அளவு நாடாவை மறுபடியும் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"மிஸ், நீங்க வாங்கிறது வேணாம். விக்கிறது மட்டும் செய்யுங்க."

எந்த வீட்டில் எந்தத் தரையைப் போட்டாலும், பார்க்க வருகிற விருந்தாளி செருப்பைக் கழற்றி உள்ளே வந்து, அண்ணாந்து பார்த்து, "லைட்டு நல்லா இருக்கே, எங்க வாங்குனீங்க?" என்று கேட்பதில்தான் எங்கள் உழைப்பு முழுவதும் போய் முடிகிறது.